குறை தெரிந்தே பார்ப்போம்

(வலிகாமத்து வாசிகசாலை ஒன்றின் முன்றலில், ‘பொன்மணி’ திரைப்படம் காட்டப்படுமுன் ஆற்றிய உரை)

    

படம் காட்டப்படுமுன் பேச எழுகின்றவனுடைய நிலை மிகவும் பரிதாபமானது. எல்லோர் கண்ணும் அவனுக்குப் பின்னால் தொங்கும் வெள்ளைத் துணியில் இருக்கும். அவன் எப்போது இறங்குவான் என்ற ஒரே எண்ணம் எல்லோர் நெஞ்சிலும் இருக்கும். இதனை நாம் அறிவோம். ஆயினும் இன்று திரையில் வரவிருக்கும் படத்தைப்பற்றிச் சில சொல்லாமல் விளக்கை அணைத்தால், அரைமணி நேரத்தில் பாதிப்பேர் எழுந்துவிடுவீர்கள் என்ற அச்சம் எமக்குண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1977 ஆம் ஆண்டில் இப்படம் வெளிவந்தபோதும் யாழ்ப்பாணம் இதனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது நீண்ட நாள் ஓடவில்லை. போட்ட முதலையும் மீட்கவில்லை.

படத்தின் பெயர் ‘பொன்மணி’. கதையும் உரையாடலும் எழுத்தாளர் காவலூர் இராசதுரையுடையவை. நெறியாளர் தர்மசேன பத்திராஜா என்னும் சிங்களக் கலைஞர். ‘அகஸ் கவ்வ’ என்னும் படத்தை 1974 இல் எடுத்து இலங்கை முழுவதும் பெயர்பெற்றவர். 2018 இல் காலமானார். அதே 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. அங்கே விரிவுரையாளராக வந்து நம்மிடையே வாழ்ந்த காலத்திலேதான் இத்தமிழ்ப் படத்தை அவர் எடுத்தார். ஆண்டினைக் கவனியுங்கள். 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 ஏப்பிரலில் தந்தை செல்வநாயகத்தின் மறைவு, யூலையில் பொதுத்தேர்தல், ஆகஸ்டில் தமிழர்மீது வன்செயல். இரு இனங்களுக்கும் நடுவே பாலங்கள் ஒவ்வொன்றாக இற்றுக்கொண்டிருந்த அக்காலத்தில், ஒரு சிங்களவர் நம் வீட்டு முற்றத்தில் ஒளிப்படக் கருவியை நிறுத்தி, நம் பெண்பிள்ளைகளின் துயரத்தைக் கேட்க முனைந்தார். இதற்காகவே படத்தைப் புகழவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நல்லெண்ணம் நல்ல படமாகிவிடாது.

படத்தின் குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பின்னர் நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் இருக்காது.

படம் மெல்ல நகரும். சில இடங்களில் நகருகின்றதா, நிற்கின்றதா என்றே ஐயம் தோன்றும். நடித்தோரிற் பலர் மேடைக்கும் வானொலிக்கும் பழகியவர்கள். ஆதலால் சில வாக்கியங்கள் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வதாக இல்லாமல் ஒலிவாங்கிக்குச் சொல்வதாகவே காதில் விழும். பேச்சு ஓரிடத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சாகவும் இன்னோரிடத்தில் புத்தகத் தமிழாகவும் இருக்கும். பாட்டு வரும் இடத்தில் கதை சற்று உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு எழும்பும். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட படம். நமக்குக் கிடைத்த பிரதியும் தெளிவானதன்று. பணத்தட்டுப்பாடு படத்தின் ஒவ்வொரு மூலையிலும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் காட்டுகின்றீர்கள் என்று கேட்பீர்கள். நம் நாட்டுப் படம், நம்மவர் எழுதிய கதை. ஆகையால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் விடை கூறுவர். அவ்விடையை நாம் ஒப்பவில்லை. 1962 இல் ‘சமுதாயம்’ வந்த நாளிலிருந்து, ‘தோட்டக்காரி’, ‘குத்துவிளக்கு’, ‘வாடைக்காற்று’ எனத் தொடர்ந்த ஈழத்துத் தமிழ்ப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த இரக்கப் பிச்சையே கேட்கப்பட்டது. சுதேசி என்பதற்காகப் புளித்த மாவை வாங்குவார் இல்லை. ஒருமுறை வாங்குவார், மறுமுறை அந்தக் கடைப்பக்கமே போகார். ஓர் எழுத்தாளனின் உழைப்புக்குப் பிச்சையிடுவது அவனை அவமதிப்பதாகும். இப்படத்தை நாம் பார்க்கவேண்டிய காரணம் வேறு. இதில் ஒரு கதை இருக்கின்றது. அது நன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. அவ்வளவே.

கதை நன்றாக இருந்தால் மற்றக் குறைகளைத் தள்ளிவைத்துவிட்டு அனுபவிக்கும் ஆற்றல் நம் மக்களுக்குப் புதிதன்று. எந்தச் சினிமாக் கழகமும் அதனை நமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. கோவில்களிலே கந்தபுராணப் படனம் நடப்பதை எண்ணிப்பாருங்கள். ஒருவர் செய்யுளை வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்வார். வாசிப்பவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். குரல் கரகரக்கும், இடையிடையே இருமல் வரும், வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வார். பயன் சொல்பவர் சிலவேளை தம் புலமையைக் காட்டப் போய்ச் சூரபன்மனை நடுக்கடலிலே மாமரமாக நிற்கவைத்துவிட்டு இலக்கணம் பேசத் தொடங்கிவிடுவார். யாராவது எழுந்து போனார்களா? சூரபன்மன் என்ன ஆவான் என்பது அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இருந்தார்கள்.

நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டத்தைக் கண்டவர்கள் இக்கூட்டத்தில் சிலராவது இருப்பீர்கள். விடிய விடிய நடந்த அந்த ஆட்டங்களுக்கு வடமராட்சியிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் வண்டில் கட்டிக்கொண்டு மக்கள் வந்தார்கள். பெற்றோல்மாக்ஸ் விளக்கு மங்கும். ஒருவர் மேடையிலே ஏறிக் காற்றடித்துவிட்டு இறங்குவார். சுடலை வரைந்த திரை காற்றிலே ஆடும். ஆர்மோனியம் சிலவேளை பாட்டை விழுங்கிவிடும். பெண்வேடம் தரித்தவருடைய கன்னத்தில் அன்று காலை மழித்த மயிர் நள்ளிரவில் நிழலாகத் தெரியும். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவையே. ஆயினும், இறந்த மகனை ஏந்திவந்த சந்திரமதியிடம் சுடலை காப்பவனாக நின்று அரிச்சந்திரன் கூலி கேட்கும்போது, முன்வரிசையிலே துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழாதவர் யார்? ஆடும் திரையை அவர்கள் காணாமல் இல்லை. கண்டார்கள், அதைப் பெரிதுபடுத்தவில்லை. கதை அவர்களைப் பிடித்துக்கொண்டது.

அந்த மக்களின் பிள்ளைகளே ‘பொன்மணி’யைப் பாராமல் விட்டவர்கள். ஏன்?

தமிழ்நாட்டுப் படங்களே நமக்குச் சினிமாவைப் பழக்கின. யாழ்ப்பாணப் பட்டணத்திலே வின்சர், ராணி, மனோகரா, ராஜா என்று படமாளிகைகள் பல இருந்தன. அவற்றிலே ஓடியவை பெரும்பாலும் கடல்கடந்து வந்தவையே. அப்படங்களை நாம் இகழவில்லை. 1952 இல் ‘பராசக்தி’ வந்தபோது தமிழுலகம் முழுவதும் அதிர்ந்தது. அதன் வசனங்களைக் கிராமத்துச் சிறுவர்களும் மனப்பாடம் செய்தார்கள். அந்தப் படத்தில் வரும் தற்செயல்கள் எத்தனை! குழந்தையை ஆற்றில் எறிந்த தங்கையைக் கொணர்ந்து நிறுத்தும் நீதிமன்றத்தில், நீதிபதியாக அமர்ந்திருப்பவன் அவளுடைய சொந்த அண்ணன். நடக்கக்கூடியதா என்று எந்தச் சட்டத்தரணியும் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. நாமும் ஆட்சேபிக்கவில்லை, கைதட்டினோம். கணீரென்ற குரலும், பொருத்தமான இசையும், பளபளக்கும் படப்பிடிப்பும், நட்சத்திரப் பெயரும் நம்மை அவ்வாறு வசப்படுத்தின. நடக்கவொண்ணாத கதை நல்ல உடுப்பு உடுத்து வந்தால் ஏற்றுக்கொண்டோம். நம் அயல்வீட்டிலே நடந்த கதை கிழிந்த உடுப்போடு வந்தபோது படலையைச் சாத்தினோம்.

பெண் பார்க்கப் போகும்போது செய்வதையே படத்துக்கும் செய்தோம் என்று சொன்னால் நண்பர்கள் கோபிக்கக்கூடாது. பெண்ணின் குணத்தைக் கேட்குமுன் சீதனத்தைக் கேட்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதனைப் பலர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நம் சொந்தப் பேச்சைத் திரையிலே கேட்டபோது நமக்குக் கூச்சமாக இருந்தது. சென்னைத் தமிழிலே காதல் பேசினால் காதலாகத் தோன்றியது. யாழ்ப்பாணத் தமிழிலே பேசினால் நகைச்சுவையாகத் தோன்றியது. வானொலியிலும் மேடையிலும் நம் பேச்சைப் பெரும்பாலும் சிரிப்புக்கே ஒதுக்கிவைத்திருந்தோம். வானொலியில் புகழ்பெற்ற நகைச்சுவை நாடகம் 1976 இல் ‘கோமாளிகள்’ என்ற படமாக வந்தபோது மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் தாயொருத்தி தன் மகளின் கலியாணத்தைப்பற்றிக் கவலைப்படும்போது பேசும் அதே பேச்சு திரையில் வந்தால் கொட்டகையின் பின்வரிசையிலே சிரிப்பு எழுந்தது. தன் தாய்மொழிக்கு ஆட்சியில் இடம் கேட்டுப் போராடிய ஒரு மக்கட்கூட்டம், தன் தாயின் பேச்சுக்குத் திரையில் இடங்கொடுக்கத் தயங்கியது.

இனிக் கதைக்கு வருவோம். முழுவதும் சொல்லப்போவதில்லை, முடிவை நிச்சயமாகச் சொல்லமாட்டோம். சாதியால் உயர்ந்ததென்று தன்னை எண்ணும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். பெண்பிள்ளைகள் உள்ள வீடு. மூத்தவளுக்குச் சீதனம் ஒப்பேறவில்லை, கலியாணம் தள்ளிப்போய்க்கொண்டிருக்கின்றது. இளையவள் பொன்மணி. அவள் மனம், அக்குடும்பம் தனக்குக் கீழென்று கருதும் சாதியைச் சேர்ந்த இளைஞன் ஒருவனிடம் செல்லுகின்றது. இவ்வளவுதான் கதை. இதற்குமேல் சூழ்ச்சியும் இல்லை, மாறுவேடமும் இல்லை, தொலைந்த பிள்ளை மச்சத்தால் அறியப்படுவதும் இல்லை.

இதைச் சொல்லும் முறையிலேதான் இராசதுரையின் திறமை இருக்கின்றது என்பது எம் எண்ணம். சீதனமும் சாதியும் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் என்று நாம் மேடைகளிலே பேசி வந்திருக்கின்றோம். ஒன்றுக்கு ஒரு தீர்மானம், மற்றொன்றுக்கு இன்னொரு தீர்மானம் நிறைவேற்றியும் இருக்கின்றோம். இக்கதை இரண்டையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளிலே வைத்துக் காட்டுகின்றது. மூத்தவளுக்கு வழிவிடாத பூட்டும் இளையவளை வெளியே தள்ளும் கையும் ஒரே குடும்ப மானத்திலிருந்து பிறக்கின்றன. மூத்தவளின் காத்திருப்பைப் பார்த்துப் பார்த்தே இளையவள் வளருகின்றாள். படம் மெல்ல நகருகின்றது என்றோமே, அந்த மெதுவிலே ஒரு பங்கு நியாயமானது. காத்திருக்கும் பெண்ணுள்ள வீட்டிலே நாட்கள் அப்படித்தான் நகரும். ஒரு பங்கு என்றே சொல்லுகின்றோம். மறுபங்கு நெறியாளர் கத்தரிக்கோலை எடுக்கத் தயங்கியதால் வந்தது.

இன்னொன்று. பழியை ஒரு கொடியவன் தலையில் சுமத்திவிட்டு நம்மைத் தூங்க அனுப்பும் வழக்கமான கதையன்று இது. வட்டிக்காரனையோ பண்ணையாரையோ அடித்து வீழ்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் இதில் இல்லை. தந்தையும் தாயும் உறவினரும் தத்தம் கடமையென்று நினைப்பதையே செய்கின்றனர். அதனாலேதான் பார்ப்பதற்குச் சங்கடமாக இருக்கின்றது.

வந்திருக்கும் கமக்காரப் பெரியோர்கள் சீதனக் கணக்கை எம்மிலும் நன்றாக அறிவார்கள். நம் தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுத்து எழுதப்பட்ட சட்டம். அச்சட்டப்படி சீதனம் பெண்ணுடைய சொத்து. தாய்வழி வந்த காணியும் நகையும் அவளுடைய கைக்காவல். அதிலே ஒரு நியாயம் இருந்தது. பின்னர் ‘டொனேசன்’ என்று ஒன்று முளைத்தது. அது பெண்ணுக்குப் போவதன்று. மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது. பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரிக்கு டொனேசன் கொடுக்க அது பயன்படும். அவ்வாறு ஒரு வீட்டுப் பணம் பத்து வீடுகளுக்குப் போய், எந்த வீட்டிலும் தங்காமல், எல்லா வீட்டையும் ஈட்டுக்கு வைத்துவிடும். வெங்காயத்திலும் புகையிலையிலும் பத்து ஆண்டு மிச்சம் பிடித்த தகப்பன், டாக்குத்தர் மாப்பிள்ளைக்கும் எஞ்சினியர் மாப்பிள்ளைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துத் தோட்டக் காணியை ஈடுவைக்கின்றான். அந்த டாக்குத்தரும் எஞ்சினியரும் இன்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். நாமும் அவர்களுள் அடக்கம். ஆகையால் ‘பொன்மணி’யைக் கமக்காரர் பார்ப்பதும் உத்தியோகத்தர் பார்ப்பதும் ஒரே படத்தைப் பார்ப்பதாகாது. வாங்கியவர் ஒரு பக்கம், கொடுத்தவர் ஒரு பக்கம் அமர்ந்து பார்க்கும் படம் இது.

இது பழங்கதை, இப்போது யார் சாதி பார்க்கின்றார்கள் என்று ஒரு நண்பர் இன்று மாலை கதிரை அடுக்கும்போது எம்மிடம் சொன்னார். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தது; 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே, அந்தச் சட்டம் வந்து பதினோராண்டு கழிந்தபின்னரும், உள்ளே போக விரும்பிய அடியார்கள் தடுக்கப்பட்டார்கள். கோவில் கதவுகள் பல பின்னர் திறந்தன. வீட்டுக் கதவு? வாரப் பத்திரிகைகளின் மணமகள் தேவை விளம்பரங்களை வாசித்துப் பாருங்கள். புலம்பெயர்ந்து, பனிகொட்டும் நாட்டிலே குடியுரிமை பெற்றவனும் ஊரையும் குலத்தையும் குறிப்பிட்டே பெண் தேடுகின்றான். தமிழ்நாட்டில் 2016 இல் உடுமலைப்பேட்டையிலே, சாதிமாறி மணந்த இளைஞன் ஒருவன் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டான். பழங்கதை என்று சொல்வதற்கு நமக்கும் ஆசைதான்.

நம்மை வியக்கவைப்பது ஒன்றுண்டு. காத்தவராயன் கூத்தை நம் ஊர்கள் எத்தனை தலைமுறையாகப் பார்த்து வருகின்றன! ஆரியமாலை உயர்குலத்திலே வளர்ந்தவள். காத்தவராயன் இழிந்தவன் என்று தள்ளப்பட்டவன். அவளை விரும்பியதற்காகவே கழுமரம் ஏறுகின்றான். அந்தக் கட்டத்திலே முன்றல் முழுவதும் விம்மும். நேர்த்திக்கடனுக்காகவே அக்கூத்தை ஆடுவிக்கின்ற ஊர்களும் உண்டு. காத்தவராயனுக்காகக் கண்ணீர்விட்ட அதே ஊர் தன் ஒழுங்கையில் பொன்மணி ஒருத்தி நடந்துபோனால் கல்லெடுக்கின்றது. தெய்வமாகிவிட்டவனுடைய காதலை நாம் மன்னித்துவிடுகின்றோம். காத்தவராயன் கதையிலிருந்து பொன்மணி கதை அதிகத் தூரத்திலில்லை. ஆனால் பொன்மணி தெய்வமாகவில்லை. அவள் பக்கத்து வளவுப் பிள்ளை. கூத்திலே முந்நூறு ஆண்டுத் தூரத்தில் நின்ற கண்ணாடியைப் பத்திராஜா அருகே கொண்டுவந்து வைத்துவிட்டார். படம் ஓடாததற்கு ஒலிப்பதிவின் குறையே காரணம் என்று நாம் இதுவரை சொல்லி வந்ததில் எவ்வளவு உண்மை என்று எமக்கு ஐயமாக இருக்கின்றது.

குறைகளோடு பிறந்து நிலைத்த படங்கள் உலகில் இல்லாமற் போகவில்லை. 1948 இல் இத்தாலியிலே டி சிக்கா எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தில் தலைவனாக நடித்தவர் ஓர் ஆலைத்தொழிலாளி. நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரல்லர். சத்யஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’ 1955 இல் வெளிவருமுன் பணமின்றி இடையிடையே நின்றுபோனது. அதன் ஒளிப்பதிவாளர் அதற்குமுன் படம் பிடித்தவரே அல்லர். ‘பொன்மணி’ அவற்றுக்கு இணையென்று நாம் சொல்ல வரவில்லை. அது இணையன்று. ஆனால் வங்காளத்தான் தன் கிராமத்தை அடையாளங்கண்டு அப்படத்தை ஏற்றுக்கொண்டான். நாம் நம் கிராமத்தை அடையாளங்கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

எமக்குத் துயரந்தரும் இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். 1983 யூலையிலே கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையமும் எரிக்கப்பட்டது. அது தமிழர் ஒருவரான கே. குணரத்தினத்தின் நிலையம், அங்கிருந்த படச்சுருள்களும் சாம்பராயின. அதே நாட்களில் கே. வெங்கட் என்னும் நெறியாளர் கொல்லப்பட்டார். அவர் சிங்களப் படங்களை எடுத்த தமிழர். ‘பொன்மணி’ எடுத்த சிங்களவரை நம் மண் வாழவைத்தது; சிங்களப் படம் எடுத்த தமிழருக்குக் கொழும்பில் நேர்ந்தது இது. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் தொகையால் மிகச் சில. அவற்றிலும் பலவற்றின் பிரதிகள் இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. போருக்கு முந்திய யாழ்ப்பாணத்து வீடும் வேலியும் வீதியும் கோவிலும் கடலும், ஒரு பெண் நடந்துபோகும் விதமும், அசைகின்ற படமாக எஞ்சியிருப்பது இப்படிப்பட்ட சில சுருள்களிலேதான். இன்று பார்க்கும்போது இளைஞர்கள் கதையைப் பார்ப்பார்கள். முதியோர் சிலர் பின்னணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பொருமுறை இப்படத்தைப் பார்த்தபோது எம் பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர், தலைவியின் துயரக் கட்டத்திலே, ‘அந்த வேலியைப் பார் தம்பி, என்ன ஒழுங்காக அடைத்திருக்கிறான்’ என்றார். நமக்கு முதலில் எரிச்சல் வந்தது. பின்னர் அவருடைய வளவு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்று அறிந்தோம்.

நீண்ட நேரம் பேசிவிட்டோம். தலைவர் அவர்கள் இரண்டுமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். வாடைக்காற்று எழும்பியிருக்கின்றது, திரைத்துணி ஆடும், மயானகாண்டத்துச் சுடலைத் திரையைப்போலவே அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சு விளங்காத இடத்திலே பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள். உரக்கக் கேட்டாலும் பாதகமில்லை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எழுந்து போக நினைப்பவர்கள் மூத்தவளின் கலியாணப் பேச்சு வரும்வரையாவது இருங்கள். அதன்பின் நாம் தடுக்கவேண்டிய தேவை இராது. படம் முடிந்தபின் தேநீர் உண்டு. குறைகளைப் பேச விரும்புவோருக்கு நாமும் இங்கேயே இருப்போம். எமக்குத் தெரிந்த குறைகள் இன்னும் நாலைந்து சொல்லாமலே இருக்கின்றன.

தம்பி, அந்த விளக்கை அணையுங்கள்.